இரண்டாம் பக்கத்தில் இல்லாத அம்மாவுக்கு

என் ஆசை அம்மா,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்லறைக்கு வந்தால் பூ வைத்துவிட்டு ஓடிவிடுகிறேன், உட்கார்ந்து பேசுவதில்லை. இன்று பேசியே ஆகவேண்டும். உன் மகள் கேவலமான ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

மயிலாப்பூரில் பெண்களுக்கு மட்டும் ஒரு ஸ்பா தொடங்கப்போகிறேன். அதற்கு பிசினஸ் பிளான் எழுதினேன். எத்தனை அறை, என்னென்ன மசாஜ், யார் யார் வேலைக்கு, எல்லாம் மளமளவென்று வந்தது. இரண்டாம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ‘நிறுவனர் பற்றி’ எழுத வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் ஆலோசகர், “பரம்பரை, பாரம்பரியம்னு ஏதாவது போடுங்க மேடம். அப்பதான் எடுபடும்” என்றார்.

போட்டேன். என் தாயார் கேரளத்து வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர் என்று போட்டேன். மந்தைவெளி வீடு, மாதா கோயில், பாண்டி பஜார் பார்லர், இதைத் தாண்டி நீ எங்கே போனாய்?

பார்லரில் நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காலைக் கழுவித் தேய்த்து நகம் வெட்டினாய். நம் மாதா கோயில் பங்கில் பாதிப் பேர் டீச்சர் என்பதால் பள்ளியில் உன்னையும் டீச்சர் என்றே சொல்லிவைத்திருந்தேன். பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவும்போது, “அவருக்கு வருசத்துல ஒரு நாளு. எனக்கு தெனம் பெரிய வியாழன்தான், இன்னா சொல்ற?” என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். யாருக்காவது கேட்டுவிடுமோ என்று நான் தள்ளி உட்கார்ந்தேன். அது உனக்குத் தெரிந்ததா அம்மா?

இன்று காலை வீட்டுக்கார மாமியைப் பார்க்கப் போனேன். கீழ்த்தளத்தை ஸ்பாவுக்குத் தர அவருக்குத் தயக்கம். பிளானைப் படித்துவிட்டுத்தான் சொல்வேன் என்றிருந்தார்.

“ஸ்பான்னாலே பேப்பர்ல என்னென்னமோ போடறா, அதான் பயமா இருக்கு” என்றார். பிறகு இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். “பாண்டி பஜார் பார்லர்ல எலிசான்னு ஒருத்தி இருந்தா. மந்தவெளிக்காரி. என் பித்தவெடிப்பெல்லாம் அவதான் பாத்துப்பா. அவள மாதிரி ஒருத்திய வேலைக்கு வச்சிண்டேன்னா, நான் கண்ண மூடிண்டு ஆத்தக் குடுத்துடுவேன். உனக்குத் தெரியுமோ அவள?”

“தெரியாது மாமி” என்றேன்.

“கால் தேய்ச்சிண்டே பொண்ணு பெருமைதான் பேசுவா. எம்.பி.ஏ. படிக்கறாளாம். ரெண்டு பேரும் இப்போ எங்க இருக்காளோ, நன்னா இருக்காளோ என்னமோ.”

அவர் கொடுத்த காபியைக் குடித்து முடித்தேன். உன்னை இத்தனை பிரியமாக நினைத்திருக்கும் ஒருவரிடம் நீ இறந்துபோன சேதியைக்கூட நான் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மா. உயிரோடு இருந்தபோது உன் வேலையை மறைத்தேன், இப்போது உன்னையே மறைத்துவிட்டேன். நீ உயிரோடு இருந்து, அந்த ஹாலுக்குள் நுழைந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

மாமி சம்மதித்துவிட்டார். நாளை பத்து மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஆனால் இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ‘என் அம்மா எலிசா, பாண்டி பஜார் பார்லர் ஒன்றில் பெடிக்யூர் செய்தவர்’ என்று புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் மாமியிடம் அதைக் கொடுப்பேன். பொய் சொன்னவளுக்கு வீடு இல்லை என்று அவர் சொன்னால் அது நியாயம்தான், வேறு இடம் தேடிக்கொள்கிறேன். நீ இப்போது இல்லை என்று என் வாயால் சொல்வேன். உன் பெண் எங்கே என்று இனி அவர் தேட வேண்டியதில்லை. இது சத்தியம் அம்மா.

கால் தேய்த்துக்கொண்டே நீ பெருமை பேசிய
உன் பொண்ணு,
ரீட்டா