மூன்று பேரும் பாஸ்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி எழுந்து இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், தம்பியும் இருக்கிறான். நலம் என்று எழுதாமல் இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாளே என்று இதற்குள் நீ புருவத்தைச் சுருக்கியிருப்பாய். தம்பி இப்போது பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறான். உயிருக்கு ஒன்றுமில்லை, உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிமேல் உட்கார்ந்து நிதானமாகப் படி. அப்பா உனக்கு எழுதவே கூடாது என்றார். "அவளுக்குப் பரீட்சை நேரம், இப்பப் போய்க் கலைக்காதே, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். நீ போனில் கூப்பிட்டபோது அவன் தூங்குகிறான் என்று நான் சொன்னதும் அவர் சொல்லித்தான். அது முழுப் பொய்யும் இல்லை, ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். மனநல டாக்டராவதற்கு நீ எழுதப்போகிறாயே, அதே மாதிரி ஒரு பரீட்சையில்தான் இது நடந்தது. அதனால்தான் அப்பா பேச்சை மீறி எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், என் கணக்கு எழுதும் பழக்கம் உனக்குத் தெரியாததா.

பழைய தபால் ஆபீஸ் கட்டிடத்தில் இருக்கும் நம் கிளினிக் நீ பார்த்தபோது இருந்த மாதிரி இல்லை. அப்போது மாதம் ஒரு தரம் ஒரு டாக்டர் வந்து, தலையை எண்ணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அதைப் பயிற்சி இடமாக எடுத்துக்கொண்டதிலிருந்து வாராவாரம் பயிற்சி டாக்டர்கள் வருகிறார்கள். தம்பியின் ஊசி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, அதற்கு நான் தினமும் காலையில் ஆண்டவனுக்கு நன்றி சொல்கிறேன். ஒரே குறை, ஒரு முகம் பழகுவதற்குள் அந்த பேட்ச் முடிந்து அடுத்த முகம் வந்துவிடும். தம்பி ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவான். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஒரு பெண் டாக்டருக்கு சரிசரி என்று பெயர். இப்போது வருகிறவர் நெடுநெடுவென்று உயரம், மேசையில் கழுத்தை வளைத்து எழுதுவார், அவர் கொக்கு. "கொக்கு வந்தாச்சு, மீனெல்லாம் வரிசையா உக்காருங்க" என்று பெஞ்சில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லி நர்ஸம்மாவிடம் திட்டு வாங்குவான். நர்ஸம்மா என்றால் வீடு வீடாக ஸ்கூட்டரில் வந்து விசாரித்துப் போகிறாரே, அவர்தான். திட்டிவிட்டு அவரும் சிரிப்பார். 

தம்பியைப் பரீட்சைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பயிற்சி முடிக்கும் டாக்டர்கள் நிஜ நோயாளி ஒருவரிடம் அரை மணி நேரம் பேசி, இவருக்கு என்ன, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று பெரிய டாக்டர்கள் முன்னால் சொல்ல வேண்டுமாம். தம்பி கோவையாகப் பேசுவான், கோபப்பட மாட்டான், கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வான் என்று கல்லூரியில் அவனுக்கு நல்ல பெயர். அவன் சொல்வது எப்போதும் பழைய கதைதான், நீ பள்ளிக்கூடம் முடிக்கும் வருஷம் அவனுக்கு முதன்முதலாக உடம்பு கெட்டபோது எதிர்க்கடை ரேடியோ அவனைப் பெயர் சொல்லித் திட்டியதே, அது. "என் ரேடியோ கதை அங்க செம ஹிட்டும்மா, அடுத்த தடவை டிக்கெட் போடலாம்" என்பான். டீயும் பிஸ்கட்டும் பஸ் செலவும் கொடுப்பார்கள். பஸ் செலவில் மிஞ்சுவதை நான் வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, தர்மத்துக்குப் போட்டுவிடுவேன். பிள்ளையின் நோவுக்குக் கூலி வாங்கிய மாதிரி ஆகிவிடக் கூடாது பார். 

போன மாதம் நம் கட்டிடத்தில் தண்ணீர் மேலே ஏறாமல் ரொம்ப அவஸ்தையாகிவிட்டது. குடியிருக்கும் எல்லாருமாகச் சேர்ந்து படிக்கட்டுக்கு அடியில் ஒரு மோட்டார் போட்டோம். மொட்டை மாடித் தொட்டி நிறைகிறவரை அது உறுமிக்கொண்டே இருக்கும், கீழ் வீட்டுக் குழந்தை பயந்து அழும். அது ஓட ஆரம்பித்த பிறகு தம்பி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுவது எனக்குக் கேட்டது. பரீட்சை வரப்போகிறது, ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார், "உன் பிள்ளை நடிகனாயிட்டான்" என்று சிரித்தார். பரீட்சை இல்லாத நாளாக இருந்தால் கதவைத் தட்டியிருப்பேன். 

பரீட்சை அன்று நான்தான் கூடப் போனேன். அந்த நீள வராந்தாவில் சுவரோரம் பெஞ்ச் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். பெல் அடிக்கும், ஒரு டாக்டர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார், அடுத்தவர் உள்ளே போவார். அப்படி மூன்று பேர். மூன்றாவது நம் கொக்கு டாக்டர். என்னைப் பார்த்ததும் "அம்மா, எனக்கும் சேத்து வேண்டிக்கோங்க" என்றார், வாய் உலர்ந்துபோயிருந்தது. உள்ளே நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். தம்பி இந்த முறை ரேடியோவைப் பற்றிப் பேசவே இல்லை. "படிக்கட்டுக்குக் கீழ மோட்டார் இருக்கு சார். ஓடும்போதெல்லாம் மேல வா, மேல வந்து குதிங்குது. சில நேரம் போயிடலாம்னு இருக்கு சார்" என்றானாம். ஒருவரிடம் இல்லை, மூன்று பேரிடமும். மூன்று பேரும் அதை அப்படியே பெரிய டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இவரைத் தனியாக விடக் கூடாது, வீட்டாரிடம் சொல்லி இன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும் என்று மூன்று பேரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். சரியான பதில் என்று பெரிய டாக்டர்களும் மார்க் போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவர்கூடக் கதவைத் திறந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சொல்லவில்லை, கண்ணு. அவன் சொன்னது கதை, அவர்கள் சொன்னது விடை, அதோடு முடிந்தது. கிளார்க் வந்து பஸ் செலவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். "மூணு தடவை சொன்னேன்மா" என்றான். நல்லா சொன்னியாடா என்று கேட்டேன். "நல்லாத்தான் சொன்னேன்" என்றான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். 

பொழுது சாய்கிற நேரத்தில் மோட்டார் ஓடியது. "போய் நிறுத்திட்டு வரேன்" என்று தம்பி எழுந்து போனான். நான் அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம், நர்ஸம்மாவும் பின்னால் கொக்கு டாக்டரும் மூச்சு வாங்க வாசலில் நின்றார்கள். பாஸாகிவிட்டேன் என்று தன் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு பஸ் ஏறியவருக்கு, பாதி வழியில்தான் உறைத்திருக்கிறது. கிளினிக் பைலில் எங்கே புரட்டினாலும் ரேடியோதானே எழுதியிருக்கும், இந்த மோட்டார் எங்கிருந்து வந்தது என்று. உடனே நர்ஸம்மாவைப் போனில் கூப்பிட்டு அவர்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். "போன மாசம்தான் போட்டாங்க, ஏன்?" என்று அவர் சொன்னதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, நர்ஸம்மா ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு வந்திருக்கிறார். தம்பி எங்கே என்று கேட்டார். கீழே மோட்டாரை நிறுத்தப் போயிருக்கிறான், நீங்கள் ஏறி வந்தபோது பார்த்திருப்பீர்களே என்றேன். கீழே யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் திரும்பி மொட்டை மாடிக்கு ஓடினார், நானும் நர்ஸம்மாவும் பின்னாலேயே ஓடினோம். 

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் அகல விளிம்பில் தம்பி நின்றுகொண்டிருந்தான். என் வாயில் ஒரு பிரார்த்தனைகூட வரவில்லை. கொக்கு டாக்டரைப் பார்த்ததும் தம்பி, "பெல் அடிச்சாச்சே சார், உங்க டைம் முடிஞ்சுபோச்சு" என்றான். கிண்டல் மாதிரிதான் சொன்னான். அவர் கிட்டே போகவில்லை. அவனுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இது பரீட்சை இல்லை. நான் சரியா கேக்கலை, என் தப்பு. முதல்லேருந்து சொல்லுங்க, இன்னைக்கு எவ்வளவு நேரமானாலும் பெல் கிடையாது" என்றார். தம்பி சொல்ல ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முகத்தைக் காட்டி, மோட்டார் வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை, அப்புறம், அப்புறம் என்று மட்டும் கேட்டார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா தொட்டியைச் சுற்றி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் உதறவில்லை. உள்ளே இழுத்துப் போட்ட பிறகும் சொல்லி முடிக்கிறவரை பேசிக்கொண்டே இருந்தான், கொக்கு டாக்டர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. 

வார்டு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் காலி இல்லை, சுவரோரம் மெத்தை விரித்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய ஆயா, நாள் முழுக்க ஒரே இடத்தில் நடக்கும் ஒரு தாத்தா. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே கிடக்கிறார். புது ஊசியில் தம்பிக்குக் கை நடுங்குகிறது, எச்சில் வடிகிறது, நான் ஊட்டினால் வாயைத் திறக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. தேறும் என்கிறார்கள், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரே ஒரு நாள் தெளிவாகப் பேசினான். மோட்டார் உன்னிடம் பேசுவதை ஏன்டா கிளினிக்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அங்க தூக்கம் வருதா, மாத்திரை போடறியான்னு கேட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்கம்மா. பரீட்சையிலதான் முழுசா கேப்பாங்க. அதான் அந்த நாளுக்காக வச்சிருந்தேன்" என்றான். பிறகு, "மூணு பேரும் பாஸாம்மா?" என்று கேட்டான். ஆமாம்டா, மூன்று பேரும் பாஸ் என்றேன். "அப்ப நான் நல்லாத்தான் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். 

பெரிய டாக்டர் ஒருவர் வார்டுக்கு வந்து, தவறு எங்களுடையது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரைக் கும்பிடக்கூட இல்லை. புகார் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸம்மா என்னிடம் வந்து அழுதார், "எழுதுங்கக்கா, எழுதக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாயில்லை. ஆனா பயிற்சியை இங்கேருந்து எடுத்துட்டாங்கன்னா அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் திரும்ப மாசத்துக்கு ஒரு டாக்டரைத்தான் பாக்கணும்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு நடுவில் நேற்று கல்லூரி கிளார்க் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்கே போகவில்லை போலிருக்கிறது. "அடுத்த பேட்ச் பரீட்சைக்குத் தம்பியைக் கூட்டிட்டு வர முடியுமாம்மா? போன தடவை பிரமாதமா பேசினாராம், எல்லாரும் அவரையே கேக்கறாங்க" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். 

நீ கிளம்பி வந்துவிடாதே. வந்தால் அவனுக்கு உன்னை அடையாளம் தெரியும், பேச மாட்டான், உனக்குத்தான் மனது உடையும். பரீட்சையை எழுது. ராத்திரி கண் விழித்துப் படித்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. உன் பரீட்சையிலும் உன் எதிரே ஒருவர் வந்து உட்காருவார், யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. நீ கேட்பதெல்லாம் கேள், சொல்ல வேண்டிய விடையைச் சொல். பெல் அடித்த பிறகு எழுந்துவிடாதே. அவரைப் பார்த்து, இதெல்லாம் முன்பு நடந்ததா, இன்றைக்கும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேள். இன்றைக்கும் இருக்கிறது என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடு, அவருடைய அம்மா வெளியே பெஞ்சில் இருப்பாள், அவளை உள்ளே கூப்பிடு. அடுத்த ஆள் வாசலில் நிற்கட்டும், பெரிய டாக்டர்கள் முறைக்கட்டும், பெயில் போட்டால் போடட்டும். பாஸாகாத பெண்ணைக் கட்டி அணைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். 

ஆண்டவன் உன் கூடவே இருப்பான், உன் தலைமேல் என் கை எப்போதும் இருக்கிறது. அப்பாவிடம் போனில் பேசும்போது இந்தக் கடிதம் வந்தது என்று சொல்லிவிடு, ஒளிக்காதே, அவர் கோபித்தால் நான் பட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வார்டில் போனை அவன் காதில் வைக்க விடுகிறார்கள். அவன் பதில் பேசாவிட்டாலும் நீ வைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு. 

உன்னைப் பெற்ற பேறுடையவள், 
அம்மா