விருந்தாளிக்கு எரிந்த அடுப்பு

அக்கா,

இன்று காலை மிளகு வாங்க அடிவாரத்திலிருந்து பாய் வந்திருந்தார். எங்கள் பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் கொக்கித் தராசை மாட்டிச் சாக்கைத் தொங்கவிட்டார். இரும்போடு இரும்பு உரசும் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். பாய் சிரித்தார். "தராசப் பாத்து ஏங்கண்ணு ஓடற? நான் சரியாத்தான் போடுவேன்" என்றார். அவர் சரியாகத்தான் போடுவார். நான் எழுந்து போனது அவரால் இல்லை.

அதே மாதிரி ஒரு தராசைத்தான் நீங்கள் தோள்பையில் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கும் எங்கள் குண்டனி நாட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. உங்களிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன், அதை இனி யாரிடம் கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது.

நீங்கள் வந்தது தொண்ணூற்றொன்பதில். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம். மேலே படிக்க விடுதியில் தங்க வேண்டும் என்றார்கள். தெரியாதவர்கள் முன்னால் வாய் திறக்காத பெண் நான், போகவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த உங்களோடு வீடு வீடாக நடக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது அம்மா என்னைக் காட்டினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "நீ பேசவே வேண்டாம், கண்ணு. என் கூட வந்து நின்னாப் போதும், கதவு திறந்துடும்" என்றீர்கள். கண்ணு என்று கூப்பிட எங்களிடமிருந்துதான் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். வந்த இரண்டு நாளிலேயே கற்றுக்கொண்டீர்கள்.

கதவுகள் திறந்தன. உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது, மழை முன்னைப் போல் இருக்காது, எந்த அடுப்பு எவ்வளவு விறகு தின்கிறது என்று தெரிந்தால்தான் அரசாங்கம் சரியான கொள்கை வகுக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பிடீங்களா? எங்கூட்டு அடுப்புப் பொகையிலதான் மெட்ராசு வேகுதாக்கும்" என்றாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்களை எங்களுக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

காலையில் ஒரு கட்டு விறகை எடை போட்டு வைப்பீர்கள். இதிலிருந்து மட்டும்தான் எடுத்து எரிக்க வேண்டும் என்பீர்கள். சாயங்காலம் மிச்சத்தை எடை போட வேண்டும் என்பதால் பகல் முழுக்க அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

விருந்தாளி வந்தால் எங்கள் பக்கத்தில் முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தனியாக ஒரு அடுப்பு மூட்டுவார்கள். நாங்கள் சாப்பிடும் கேழ்வரகும் சாமையும் உள்ளே வேகும். விருந்தாளிக்கு வெளியே நெல்லுச்சோறு. அவர் எழுந்து போகிறவரை அந்த அடுப்பை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் 'புறப்படுங்க' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. நீங்களோ அடுப்பு அணையட்டும், மிச்சத்தை எடை போட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தீர்கள். அவர்களோ நீங்கள் போகட்டும், அணைக்கலாம் என்று காத்திருந்தார்கள். நடுவில் கட்டை மேல் கட்டையாக எரிந்துகொண்டிருந்தது.

சில வீடுகள் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. சொல்வதற்கு மேலும் சில நாள் ஆயிற்று. காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, முகம் தெரியாத தைரியத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் சட்டென்று நின்று திரும்பினீர்கள்.

"அப்ப, நான் உக்காந்திருக்கறதாலதான் எரியுதா?"

"ஆமாங்க."

"எத்தனை பெரிய விஷயம் சொல்லியிருக்க நீ. கட்டாயம் எழுதிடறேன், கண்ணு."

அன்று நான் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் வாயிலிருந்து வந்த ஒன்றைப் படித்தவர் ஒருவர் பெரிய விஷயம் என்றார். விடுதிக்குப் போயிருக்கலாமோ என்றுகூட முதல்முறையாக நினைத்தேன்.

அடுத்த வருஷம் அதிகாரிகளோடு திரும்பி வந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நீங்கள் பெரிய படங்களைத் தொங்கவிட்டு, இந்த மலையில் ஒவ்வொரு வீடும் தேவைக்கு மேல் விறகை எரிக்கிறது, காடு இதைத் தாங்காது, புதிய அடுப்பும் கட்டுப்பாடும் வேண்டும் என்று சொன்னீர்கள். 'ஆனால்' என்று தொடங்கி அடுத்ததைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். படங்கள் தீர்ந்துபோயின.

செல்லம்மா அத்தைதான் எழுந்தாள். "ஏனுங்க, உங்களுக்குச் சோறாக்குன வெறகையுமா எங்க தலையில எழுதிட்டீங்க?" எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரிகளும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தீர்கள். பிறகு குனிந்து படங்களைச் சுருட்டத் தொடங்கினீர்கள்.

ஜீப் அருகே வந்து நானாகக் கேட்டேன். "சொன்னேனுங்களே அக்கா" என்று மட்டும்தான் வந்தது. நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "அதை எழுதினா எல்லா வீட்டுலயும் முதல்லேர்ந்து அளக்கணும், கண்ணு. எனக்கு நேரம் குடுக்க மாட்டாங்க. நல்ல அடுப்பு வருமில்ல, அது உங்களுக்கு நல்லதுதானே?" என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டீர்கள்.

அடுப்பு வந்தது. நல்ல அடுப்புதான். புகை குறைந்தது, அம்மாவின் இருமலும் குறைந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அடுப்போடு காட்டுப் பாதைக்கு ஒரு காவலரும் வந்தார். சுள்ளி பொறுக்கப் போன அம்மாவின் அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு, "படிச்சவங்களே அளந்து எழுதிட்டாங்க, இனி என்ன பேச்சு?" என்றாராம். அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர்த் துறையில் செல்லம்மா அத்தை குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு, "வா சாமி, ஊரு கதவயெல்லாம் தொறந்து உட்ட மவராசி" என்றாள். நான் பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

நான் மட்டும் ஏமாந்திருந்தால் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்துக் கதவு திறந்தவர்கள் ஏமாந்தார்கள். நீங்கள் தெரியாமல் செய்திருந்தால் அது தவறு. தெரிந்த பிறகுதானே செய்தீர்கள், அக்கா. ஏன் என்பதுதான் என் கேள்வி. நேரம் இல்லை என்ற பதிலை நான் இன்னும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களை நினைத்து ஒரு நாளாவது உங்களுக்கு உறுத்தியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பெண் வந்தாள். என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் நோயில் படுத்து, போன வருஷம் போய்விட்டதை அவள்தான் சொன்னாள். என்னைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தீர்களாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போ, எல்லாக் கதவும் திறக்கும்னு சொன்னாங்க."

"அடுப்பப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லையே."

அப்போது அம்மா முற்றத்தில் மூன்று கல்லை நகர்த்திப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்குப் பிறகும், விறகு இத்தனை அருமையாகிவிட்ட பிறகும், வந்தவள் விருந்தாளி. அந்தப் பெண் பையிலிருந்து தராசை எடுத்தாள். நான் அவள் எதிரில் போய் நின்றேன். "இந்த அடுப்பு உங்களுக்காக எரியுதுங்க. நீங்க எந்திரிச்சுப் போனாத்தான் அணைப்போம். அதையும் எழுதுங்க" என்றேன். இந்த முறை சொல் முழுதாக வந்தது.

அவள் கண்களை விரித்து, "கட்டாயம் எழுதிடறேன்" என்றாள்.

அவள் நல்லவளாக இருக்கலாம். சொன்னபடி எழுதவும் எழுதலாம். ஆனால் அவளோடு நான் நடக்கவில்லை. எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லை நம்ப முடியாதபடி என்னை ஆக்கிவிட்டுப் போய்விட்டீர்கள்.

யார் வந்தாலும் அம்மா இன்னமும் முற்றத்து அடுப்பை மூட்டுகிறாள். விறகு எடுத்துக் கொடுப்பது நான்தான். ஒவ்வொரு கட்டையையும் அவளிடம் நீட்டுவதற்கு முன் என் கை தானாக ஒரு கணம் நின்று எடை பார்க்கிறது. நீங்கள் வருவதற்கு முன்னால் என் கைக்கு அது தெரியாது.