பிள்ளை பார்க்க வராதவர்

கல்பாக்கம்
10.2.2009

புதிதாக அப்பாவானவருக்கு,

நானும் உங்கள் மகளும் நலம். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்கள் செல்லுக்கு எப்போது அடித்தாலும் அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். அவள் குரலோடு எனக்குச் சிநேகமே ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸ் போனோ ஹாலில், அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புருஷனைக் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு மறைவு வேண்டாமா?

குழந்தை அப்படியே உங்கள் அம்மா சாயல். தூங்கும்போதும் யாரையோ அதட்டப் போவதுபோல் நெற்றியைச் சுருக்குகிறாள். அத்தை நேற்று திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நடவு வேலையை விட்டுவிட்டு, பால் சுரக்கட்டும் என்று ஒரு பை நிறையப் பூண்டும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்தார்கள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, “உங்கப்பன் எங்க கீறான், இன்னும் வர்லயே?” என்று அவளையே கேட்டார்கள்.

நானும் அதையேதான் கேட்கிறேன். பிறந்த அன்று பூத்திலிருந்து ஒரு நிமிடம் பேசினீர்கள், அதோடு சரி. நாவலூருக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் என்ன ஏழு கடலா இருக்கிறது? இந்த ஞாயிறு வாருங்கள்.

உங்கள்
சங்கரி


நாவலூர்
16.2.2009

அன்புள்ள சங்கரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சாயல் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு சிரிக்கிறேன் என்று அப்புறம்தான் தோன்றியது.

இங்கே வேலை நெருக்குகிறது. அமெரிக்காக்காரர்கள் மார்ச் மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்கிறார்கள். ஞாயிறும் போக வேண்டியிருக்கிறது. ஆபீசுக்குள் செல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் அணைத்து வைக்கிறேன். நீ ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட வேண்டாம், அவர்களுக்குப் பிடிக்காது. வீட்டு முகவரிக்கே எழுது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு வேளை சாப்பிட்டாலே போதுமாக இருக்கிறது. தொப்பை போய்விட்டது, நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய். குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்பு.

அன்புடன்
பூபாலன்


கல்பாக்கம்
24.2.2009

அன்புள்ள அவருக்கு,

இதனுடன் போட்டோ வைத்திருக்கிறேன். அப்பாவே பழைய கேமராவில் எடுத்தார். கொட்டாவி விடும்போது எடுத்துவிட்டார், அதனால் அழகைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்.

இப்போது சிரிக்காமல் ஒன்று எழுதுகிறேன். எதிர் வீட்டு அமிர்தவல்லி மாமி பிள்ளை பார்க்க வந்தவர், “மாப்ள இன்னும் வரலையா?” என்று கேட்டார். அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். மாமி போனதும் என்னிடம் வந்து, “பொண்ணு பொறந்தா சில பேருக்கு மூஞ்சி தொங்கிடும்டி, நீதான் புரிஞ்சுக்கல” என்றாள். நான் சண்டை போட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று கத்தினேன். குழந்தை விழித்துக்கொண்டது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதுதான் எனக்கு அம்மாவின் பேச்சைவிட வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கு அடுத்தது, மார்ச் எட்டு, பேர் வைக்கிறோம். தகப்பன் வீட்டுக் காப்பு போட்டுத்தான் பேர் சொல்லுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ‘பெண் என்பதால் இல்லை’ என்று ஒரே வரி. அதை இவர்கள் இருவர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அது போதும் எனக்கு.

சங்கரி


நாவலூர்
28.2.2009

சங்கரிக்கு,

நீ கேட்டுவிட்டதால் எழுதுகிறேன். ஆமாம், கொஞ்சம் வருத்தம்தான். ஆண் பிள்ளை என்று நினைத்திருந்தேன். போகப் போகச் சரியாகிவிடும். இப்போது என்னைக் கட்டாயப்படுத்தாதே. பேர் வைப்பதை நீங்களே நடத்திவிடுங்கள்.

பூபாலன்


கல்பாக்கம்
10.3.2009

திரு. பூபாலன் அவர்களுக்கு,

பேர் வைத்தாயிற்று. அப்பாவே காப்பு வாங்கிவந்து போட்டார்.

உங்கள் கடிதம் வந்தபோது, நீங்கள் எழுதியிருப்பது இன்னது என்று தெரியாமல், பிரித்த கையோடு சத்தமாகப் படித்தேன். அவ்வளவு நம்பிக்கை. நடுவில் நிறுத்த முடியவில்லை. அம்மாகூட, தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்படவில்லை. உள்ளே போய் அழுதாள்.

பேர் வைக்கும் நாள் அத்தை வந்தார்கள். அப்பா விஷயத்தைச் சொன்னார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் உங்கள் அம்மா எழுந்து நின்று அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். “இன்னா வேணாலும் திட்டு சார். இப்டி ஒரு புள்ளயப் பெத்தது என் தப்புதான்” என்றார்கள். அப்பா பதறிப்போய் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சாப்பிடவும் இல்லை. பேத்தி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

சங்கரி


நாவலூர்
16.3.2009

சங்கரி,

அம்மா கைகூப்பினாள் என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை மறுநாள்தான் படித்தேன்.

எனக்கு வேலை இல்லை. உன் வளைகாப்புக்கு முந்தின வாரமே போய்விட்டது. அமெரிக்காவில் பாங்குகள் விழுந்ததும் எங்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஓர் அறைக்குக் கூப்பிட்டு, கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். வளைகாப்புக்கு நான் கொண்டுவந்த பட்டுப்புடவையெல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கியது. ஃபிளாட் கடனும் கட்டவில்லை. வசூல்காரர்களுக்குப் பயந்துதான் செல்லை அணைத்து வைத்திருக்கிறேன். கதவைத் தட்டினால் ஃபேனை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் குளிப்பதும் இல்லை. எங்கள் தெருவில் முதல் இன்ஜினியர் நான். வெட்கமாக இருக்கிறது சங்கரி. உன்னிடம் சொல்லவும் வெட்கம், கண்ணாடி பார்க்கவும் வெட்கம்.

பேர் வைக்கிற அன்று நான் கிளம்பினேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாமல்லபுரம் வரை வந்துவிட்டேன். பஸ் மாற நிற்கும்போது, ஒரு காப்புகூட இல்லாமல் உன் அப்பா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று நினைத்ததும் கால் வரவில்லை. கடற்கரையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ தோன்றியது. பயந்துவிடாதே, எழுந்து வந்துவிட்டேன்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. பெண் பிறந்ததில் வருத்தம் என்றால் திட்டுவார்கள். வேலை போனவன் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். திட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. மற்றபடி அவள் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

பூபாலன்


கல்பாக்கம்
20.3.2009

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை உங்களை நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

வேலை போனதற்கு நான் கோபப்படுவேன் என்று நினைத்தீர்களா? பக்கத்து பிளாக் ஜானகிராமன் சார் மகனும் வேலை போய் ஊரப்பாக்கத்தில் வீட்டோடுதான் இருக்கிறானாம். ஃபிளாட் போனால் போகட்டும். கடனை மெதுவாக அடைக்கலாம். கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார். நான் கூட வருகிறேன். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஒளிந்துகொள்ள உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் பின்னால் போய் ஒளிந்தீர்களே. இந்த வீட்டில் இப்போது யார் அவளைத் தூக்கினாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் தூக்குகிறார்கள். தகப்பனுக்கு வேண்டாத பிள்ளையாம். அத்தையோ தன்னையே நொந்துகொண்டு இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

சொல்லாதே என்கிறீர்கள். சரி, சொல்லமாட்டேன். நான் சொன்னால் புருஷனுக்குப் பரிந்துகொண்டு கதை கட்டுகிறாள் என்பார்கள். என் அப்பாவிடமும் உங்கள் அம்மாவிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்தால் கதவைத் திறப்பார்கள், காபி கொடுப்பார்கள். நானும் இவளும் உள்ளறையை விட்டு வரமாட்டோம்.

தினமும் சாப்பிடுங்கள். குளியுங்கள்.

இன்னமும் உங்கள்
சங்கரி


அஞ்சலட்டை

நாவலூர்
24.3.2009

மதிப்பிற்குரிய மாமா ரவிச்சந்திரன் அவர்களுக்கு,

நவம்பரிலிருந்து எனக்கு வேலை இல்லை. நிறையக் கடன் இருக்கிறது. அதை மறைக்கத்தான் பெண் பிறந்ததில் வருத்தம் என்று எழுதினேன். அது பொய். என் மகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அம்மா உங்களிடம் கைகூப்பியிருக்கத் தேவையில்லை. நான்தான் கூப்ப வேண்டும்.

அம்மாவுக்கும் இதையே ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தெருவில் யாரையாவது கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்லுவாள். தெரிந்தேதான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன்.

இப்படிக்கு
தங்கள் மருமகன்
பூபாலன்