பஸ் கட்சியும் டிரைவர் கட்சியும்

மார்ச் 4, செவ்வாய்

ஆமாம், நாலாவது தடவைதான். அதுக்கென்ன இப்போ? அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்லிவிடுகிற கேள்வியா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

படம், ‘மரங்கொத்தி’ மூன்றாம் பாகம். மரங்கொத்தி என்பது உளவாளியின் ரகசியப் பெயர். எந்தக் கதவாக இருந்தாலும் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். வில்லன் வீடாக இருந்தாலும் தட்டுவான். மரியாதை தெரிந்த ஆள். எங்கள் ரசிகர் கூட்டத்திலும் அதுதான் வழக்கம்: யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று தட்டு.

மூன்றாம் பாகத்தின் முடிவில்தான் வம்பே. வில்லனைக் கட்டி டிக்கியில் போட்டாயிற்று. எல்லை கூப்பிடு தூரம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க். “முகம் கழுவிட்டு வரேன்” என்று மரங்கொத்தி இறங்குகிறான். டிரைவர் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு காரில் காத்திருக்கிறான். இவனோ குழாயைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். ஜன்னலில் அவன் முகம். காற்று. வணக்கம், போய் வாருங்கள் – படம் முடிந்தது.

தியேட்டரே கொதித்தது. பாப்கார்ன் டப்பா ஒன்று திரையில் பட்டுத் தெறித்தது. நான் கைதட்டினேன். தன்னந்தனியாக, பைத்தியம் மாதிரி.

பத்து வருஷமா ஓடிக்கிட்டே இருந்தவன் ஒரு நாள் இறங்கிப் போறான். அவ்வளவுதான். அது ஏன் யாருக்கும் புரிய மாட்டேங்குது?

மார்ச் 5, புதன்

கூட்டம் இரண்டாக உடைந்தே விட்டது. இறங்கிப் போனது சரி என்பவர்கள் பஸ் கட்சி. துரோகம் என்பவர்கள் டிரைவர் கட்சி.

பஸ் கட்சியில் நானும் பல் டாக்டரும் மட்டும். டாக்டர் நல்ல ரசிகை. ஆனால் நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போது படத்தைப் பற்றிப் பேசியே பழகிவிட்டார். எதிர்த்துப் பேசுகிற ஆளைக் கண்டால் தடுமாறுகிறார். டிரைவர் கட்சியில் மீதி எல்லோரும். தலைவன், தாடி.

தாடி என் சிநேகிதன். அரைக்கால் சட்டை காலத்திலிருந்து. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் கதவைத் தட்டுவதில்லை. காலிங் பெல் அடிக்கிறான், கரண்டு பில் கொடுக்க வந்தவன் மாதிரி.

மார்ச் 7, வெள்ளி

நான் வேலை பார்க்கிற அச்சுக்கடைக்கே வந்து டிரைவர் கட்சிக்காரர்கள் ஸ்டிக்கர் ஆர்டர் கொடுத்தார்கள். வந்தது பார்சல் – கூரியர் ஓட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர். “டிரைவர் கையில ரெண்டு டீ. மூஞ்சில சோகம். பாக்குறவன் அழணும். நல்லா வரைடா.”

“எதிர்க்கட்சிக்கு நான் ஏன்டா நல்லா வரையணும்?”

“தொழில் தர்மம்டா. உங்க டாக்டரைக் கேளு, எனக்குப் பல் பிடுங்குறப்போ கட்சியா பாத்தாங்க?”

வரைந்தேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “யாருப்பா இந்தப் புள்ள, பாவமா இருக்கே” என்றார். அவருக்குப் படமே ஆகாது. எந்தப் படத்துக்குப் போனாலும் பெயர் போட்டு முடிவதற்குள் குறட்டை. அதனால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விவாதத்துக்கு அவரையே நடுவராக வைத்திருக்கிறோம். எந்தப் பக்கமும் சாயாத ஒரே ஆள்.

ஸ்டிக்கர் அச்சாகி, கட்டரில் வெட்டியும் முடித்த பிறகுதான் பார்சல் கேட்டான்:

“படத்துல டிரைவருக்குத் தாடியே கிடையாதேடா. நீ ஏன் தாடி வச்சு வரைஞ்சிருக்க?”

பார்த்தேன். ஆமாம். இவ்வளவு பெரிய தாடி. கை எப்போது வரைந்தது?

மார்ச் 9, ஞாயிறு

தோற்றோம். அசிங்கமாகத் தோற்றோம்.

ஞாயிறு என்றால் கடையின் பின்னறை. பழைய காகித ரோல்கள்தான் நாற்காலி. நான் முதலில் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். “முத சீன்லேயே அவன் கை நடுங்குது. ரெண்டாவது பாகத்துலேயே தூக்கம் இல்லாம கிடக்குறான். பிடிக்காத வேலையில கடைசி வரைக்கும் இருந்து செத்தாத்தான் வீரனா?” முதலாளி தலையாட்டினார். ஜெயித்தேன் என்றே நினைத்தேன்.

தாடி எழுந்தான். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி.

“அவன் போனான், சரி. காருல உக்காந்திருந்தவன் என்ன ஆனான்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தேன்.

“டீ ஆறிப்போச்சுன்னு இன்னொரு டீ வாங்கியிருப்பானா? முகம் கழுவ இவ்ளோ நேரமான்னு தேடியிருப்பானா? படத்துல காட்டவே இல்ல. ஏன்னா எடுத்தவனுக்கும் கவலை இல்ல, கைதட்டினவனுக்கும் கவலை இல்ல.”

முதலாளி தீர்ப்பு: டிரைவர் கட்சி.

இனி எங்கள் சட்டம். ஒவ்வொரு விவாதத்துக்கும் அடுத்த ஞாயிறு பேச்சாளர்கள் இரண்டு பேரும் கட்சி மாற வேண்டும். தோற்றவன் முதலில் பேச வேண்டும். மனசாரப் பேச வேண்டும். கிண்டலாகப் பேசினால், கூட்டத்தை விட்டே வெளியே. அந்தச் சட்டத்தைப் போட்டது யார்? நான். வேற யாரு.

மார்ச் 10, திங்கள்

முடியாது. பேச மாட்டேன். கூட்டத்த விட்டுத் தூக்குறியா, தூக்கிக்கோ. மரங்கொத்தி செஞ்சது தப்புன்னு என் வாயால சொல்லணுமா? ஊரே சொல்லுதே, பத்தாதா? பெரியப்பா சொல்றாரு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. பாதியில விட்டவன், பாதியில விட்டவன்னு –

சரி. எழுதித்தான் தொலைக்கிறேன்.

தாடியும் நானும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் அறை. போன வருஷம் லேப் பரீட்சை அன்றைக்குக் காலையில் நான் பல் தேய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பல் தேய்க்கவில்லை. கேட்டைத் தாண்டி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம். என்ன காற்று! அந்தக் காற்றை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. படித்தது ஒன்றும் தலையில் ஏறாமல் மூச்சு முட்டிக் கிடந்த எனக்கு அது நல்ல நாள். இப்போதும் நல்ல நாள்தான். அதில் மாற்றமே இல்லை.

தாடி லேப் வாசலில் எனக்கும் சேர்த்து இரண்டு கால்குலேட்டரோடு நின்றானாம். அவன் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். அவன் இப்போது கடைசி வருஷம். சனிக்கிழமை ஊருக்கு வருவான், ஞாயிறு கூட்டத்துக்கு வருவான். அன்றிலிருந்து நாங்கள் படத்தைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார். “தம்பி, நீங்க பேசலைன்னா நான் பேசணும். தயவுசெஞ்சு பேசிடுங்க.”

மார்ச் 13, வியாழன்

ஐந்தாவது தடவை. தியேட்டரில் மொத்தமே ஏழெட்டுப் பேர். டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்து, “தம்பிக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்றார்.

இந்த முறை மரங்கொத்தியைப் பார்க்கவே இல்லை. டிரைவரை மட்டும் பார்த்தேன். கடைசிக் காட்சியில் அவன் ஓரமாகத்தான் தெரிகிறான். கண்ணாடியில் பார்த்துத் தலை வாருகிறான். ஒரு டீயை டேஷ்போர்டில் வைத்து மேலே பேப்பரால் மூடுகிறான், சூடு போகாமல் இருக்க. அப்புறம் எட்டி, எதிர்ப்பக்கக் கதவை உள்ளிருந்து திறந்து வைக்கிறான் – வருகிறவன் சட்டென்று ஏறிக்கொள்ளட்டும் என்று.

நாலு தடவையும் இதைப் பார்க்காமல் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

பஸ் ஜன்னலை.

மார்ச் 15, சனி

பேச்சு தயார். மூன்று முறை திருத்தி எழுதினேன். பரீட்சைக்குக்கூட இப்படி உழைத்ததில்லை. போனால்தானே உழைக்க.

மார்ச் 16, ஞாயிறு

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஒழுங்காக எழுத வருகிறதா பார்ப்போம்.

நான் முதலில். எழுந்ததும் பார்சல், “துரோகி, துரோகி” என்று பாட்டுப் பாடினான். முதலாளி ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். டீ மேல் மூடிய பேப்பரைச் சொன்னேன். திறந்து வைத்த கதவைச் சொன்னேன். யாருமே கவனித்திருக்கவில்லை, தாடி உட்பட. அவன் நிமிர்ந்தான்.

“போகட்டும். அவன் போனது தப்பில்லன்னு நான் இப்பவும்...”

“ஏய், கட்சி மாறாதே!” என்று கத்தினார்கள்.

“இருங்கடா! போறவன் போகட்டும். ஆனா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஒருத்தன் காத்திருக்கான்ல? அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். காத்திருக்காதேடான்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்? வில்லன் வீட்டுக் கதவையே மூணு தட்டு தட்டுறவன், சொந்த ஆளு கார்க் கதவை ஒரு தட்டு தட்டியிருக்க வேணாமா?”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் கைதட்டினார். எங்கள் கட்சி டாக்டர்!

தாடி எழுந்தான். கையில் துண்டுச்சீட்டு இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டான்.

“மரங்கொத்தி சொல்லாம போனதுதான் சரி” என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே. “சொல்லியிருந்தா டிரைவர் விட்டிருப்பானா? சட்டையப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டு, எல்லை பக்கத்துலதான் இருக்கு, பல்லக் கடிச்சுக்கோன்னு சொல்லியிருப்பான். இவனும் அவன் பேச்சத் தட்ட முடியாம உக்காந்திருப்பான். அப்புறம்? அடுத்த பாகத்துல செத்திருப்பான். நான் அந்தக் கை நடுக்கத்த முத சீன்லேயே பாத்தேன். பக்கத்துலயே இருந்து பாத்தேன். பாத்தும், சும்மா வாடான்னுதான் சொல்லிட்டே இருந்தேன். சொல்லியிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன்.”

நான்.

டிரைவர் என்று தொடங்கியவன் எப்போது நான் என்று மாறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. பார்சல் வாயைத் திறந்தான். டாக்டர் அவன் முழங்காலில் ஒரு அடி வைத்தார். அந்தக் கணத்தில் அவருக்காக என் எல்லாப் பல்லையும் பிடுங்கிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

முதலாளி ஸ்கேலைக் கீழே வைத்தார். பிறகு தீர்ப்பு: “ரெண்டு பேருமே தோத்துட்டீங்கப்பா. அவனவன் பேச வேண்டியத அடுத்தவன் பேசிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை விவாதம் கிடையாது. என்னைக் கூட்டிட்டுப் போய்ப் படத்தக் காட்டுங்க. இவ்ளோ சண்டை போடுற அளவுக்கு அதுல என்னதான் இருக்குன்னு பாக்குறேன்.”

எல்லோரும் போன பிறகு தாடி மட்டும் நின்றான். மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

“டிரைவருக்கு ஏன்டா தாடி?”

“கை தவறி வந்துடுச்சு.”

“மூக்கும் கை தவறித்தான் வந்துச்சா? என் மூக்குடா இது, நாயே.”

சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்த முடியவில்லை. ரோல் சரிந்து இருவரும் தரையில் விழுந்தோம். விழுந்து கிடந்தபடியே அவன் சொன்னான்: “உன் கால்குலேட்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு. திருப்பித் தர மாட்டேன். நல்ல கால்குலேட்டர்.”

“வச்சுக்கோ. நான் கூட்டல் போட்டே ஒரு வருஷம் ஆச்சு.”

“தெரியுது. பத்து ஸ்டிக்கர் கேட்டா பன்னெண்டு அடிச்சிருக்க.”

அப்புறம் நான், “சொல்லியிருக்கணும்டா” என்றேன். அவன், “ம்” என்றான். அவ்வளவுதான். அவ்வளவே போதும்.

மார்ச் 19, புதன்

படத்துக்கு அம்மாவும் வருகிறாளாம். “உனக்கெதுக்கும்மா?” என்றேன்.

“என் பையன் பஸ்ஸேறின படத்த நான் பாக்க வேணாமா?” என்றாள், காய் நறுக்கியபடியே, தலையைத் தூக்காமல்.

எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறாள். உளவாளி வேலைக்கு இவளை எடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா நான்கு புடவை மாற்றிவிட்டாள், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்களோ. முதலாளி தூக்கம் வரக்கூடாது என்று காலையிலிருந்தே டீ குடிக்கிறாராம். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுவதாக ஏற்பாடு.

தாடி அவன் அப்பாவின் காரைக் கேட்டு வாங்கியிருக்கிறான். நேற்று போனில் சொன்னான்: “நான்தான் ஓட்டுவேன். வழியில பெட்ரோல் போட நிறுத்துவேன். நீ இறங்கின, காலை உடைப்பேன்.”

“இறங்கினா சொல்லிட்டு இறங்குறேன்டா.”

“சொன்னாலும் உடைப்பேன்.”

ஆறாவது தடவை. இந்த முறை எந்தப் பக்கம் பார்ப்பது என்று முடிவு செய்யவில்லை. ஜன்னலையா, காரையா? இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க ஏதாவது வழி –

கதவு. பெல் இல்லை. மூன்று தட்டு.

வந்துட்டான். போகணும்.