அந்தோணி அண்ணனின் விலாசம்

செவ்வாய், இரவு

நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் சென்டரின் கம்ப்யூட்டர் காலையில் புகைந்து நின்றுபோனது. மத்தியானமே புதியது வந்துவிட்டது. நோயாளிகளின் விவரமெல்லாம் பேக்கப் டிஸ்கில்தான் இருந்தது. செருகியதும் அது டக்டக்கென்று சத்தம் போட்டது.

"உடனே புதுசுல ஏத்து லா," என்றார் முதலாளி.

"பாதியில செத்துட்டா எல்லாம் போயிரும் பாஸ். முதல்ல காப்பி எடுத்துக்கிறேன்," என்றேன்.

காப்பி பாதியில் நின்றது. டிஸ்க் தொட்டால் சுட்டது. ஆறட்டும் என்று கழற்றி வைத்தேன்.

அப்போதுதான் நர்ஸ் மேரி அக்கா வந்தார். "தம்பி, அந்தோணி அண்ணன் இன்னிக்கு டயாலிசிஸுக்கு வரல. போனும் எடுக்கல. அவர் மக நம்பர் பாத்துச் சொல்லு."

காப்பியான பாதியில் அவர் பெயர் இல்லை. ஜெலுத்தோங் பக்கம் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். எந்த புளோக் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலாளியைக் கேட்காமலே டிஸ்கை மறுபடி செருகினேன். இந்த முறை சத்தமே வரவில்லை; டிஸ்க் செத்தே போயிருந்தது.

"விடு தம்பி, நான் போய்க் கேட்டுப் பாக்குறேன்," என்று அக்கா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்போதுதான் போன் அடித்தார். "வீட்டக் கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. உள்ள லைட் எரியுது. எவ்வளவு தட்டினாலும் தெறக்க மாட்டேங்கிறாரு. கதவ உடைக்க தீயணைப்பு பொம்பாவக் கூப்பிட்டிருக்கேன்."

போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.