செவ்வரத்தைக்குப் போன தண்ணீர்

இஞ்சாருங்கோ,

பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. குசினிக்குள் அடுப்படியில் நின்று ஒருதரம் ‘இஞ்சாருங்கோ’ என்றால் வாசலில் இருந்து ‘ம்’ என்பீர்கள். அந்த ‘ம்’ இல்லாமலே இதை எழுதுகிறேன். என்ரை ராசா, அங்கே சுகமாக இருக்கிறீர்களோ?

நான் இருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு முற்றம் கூட்டுகிறேன், ஒரு சுண்டு அரிசி போடுகிறேன், விளக்கு வைக்கிறேன். அழுகை மட்டும் வரவில்லை. செத்தவீட்டன்றும் வரவில்லை. மகள் வவுனியாவில் இருந்து போன் எடுக்கிற நேரமெல்லாம், “அம்மா, ஒருக்கா வாய்விட்டு அழுங்கோவன்” என்கிறாள். அழுகிறது என்ன, பைப்பைத் திறக்கிற வேலையோ? நெஞ்சு மரத்துப்போய்க் கிடக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் யன்னலுக்கு வெளியே நின்ற செவ்வரத்தை வாடிப்போயிற்று. போன கோடையில் எங்கள் கண்டாவளை ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க, அது ஒன்றுதான் பச்சையாய் நின்று பூத்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைக் காட்டி, “மரத்துக்கும் துக்கம் விளங்குது, பாருங்கோ” என்றார்கள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். வாடியதற்குக் காரணம் பிறகுதான் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாய்க்கால் கரையில் இருக்கிற முத்தம்மாக்காவை மறந்திருக்கமாட்டீர்கள். மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, எங்கள் வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி முதுகு வளைந்தவ. புருசனும் இல்லை, மகன் கடைசிச் சண்டையில் போனவன்தான். நீங்கள் போன பிறகு அவவை வேலிப்பக்கம் காணவில்லை. ஒருநாள் கடைக்குப் போகிற வழியில் மயங்கி விழுந்துவிட்டா என்று சொன்னார்கள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டொக்டர் பிள்ளை பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னது. “உடம்பில தண்ணி இல்லை அம்மா. சலத்தில கிருமி. இப்பிடியே விட்டா கிட்னி பழுதாப்போகும். தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ.” உங்களுக்கும் இதைத்தானே சொன்னார்கள்? “குடிக்கக் குடுக்கிறேல்லையோ?” என்று கேட்டார்களே. “குடுக்கிறனான், செம்பு வெறுமையாத்தான் வரும்” என்று நான் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

அன்றிலிருந்து காலையில் கஞ்சியும் ஒரு செம்பு தண்ணீரும் முத்தம்மாக்காவுக்குக் கொண்டுபோனேன். பின்நேரம் போனால் செம்பு வெறுமையாய்க் கவிழ்த்திருக்கும். ஆனால் ஆள் தேறவில்லை. உதடு வெடித்தது, சலம் கழிக்க எரிகிறது என்று முனகினா. ஒருநாள் செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் வந்தேன். வளவு முழுக்கப் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்க, பின்படிக்குக் கீழே மட்டும் ஈரம். அதில் கீரை செழித்து நின்றது.

“முத்தம்மாக்கா, உதென்ன ஈரம்?”

அவ நிலத்தைப் பார்த்தா. “கோவிச்சுக்காதீங்கம்மா. குடிச்சாப் போகணும். கக்கூசு அந்தக் கோடியில இருக்கு. குந்தினா எந்திரிக்க முடியல. மழையில ஒரு தடவ விழுந்து விடியற வரைக்கும் அங்கயே கெடந்தேன். நீங்க கொண்டாந்தத வேணாம்னு சொல்ல மனசு வரல, அதான் இங்க ஊத்திடுறேன்.”

வீட்டுக்கு வந்தேன். செம்பை வைக்கக்கூட இல்லை, நேரே உங்கள் யன்னலுக்கு வெளியே போய்ச் செவ்வரத்தையின் அடியில் கையை வைத்தேன். கல்லாய்க் காய்ந்திருந்தது.

பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு, “கட்டிலைத் திருப்பிப் போடப்பா, காத்து வேணும்” என்று கேட்டீர்கள். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்துத் திருப்பினோம். உங்களுடைய நல்ல கை யன்னல் பக்கம் வந்தது. காற்றுக்கு என்று நினைத்தேனே, நான் ஒரு விசரி.

உங்களோடு எனக்குக் கோபம். இதை ஒளிக்க மாட்டேன். இவளுக்கு இடுப்பு நோகும், எத்தனைதரம்தான் துணி மாற்றுவாள் என்று நினைத்தீர்களோ? அல்லது வெட்கமோ? இத்தனை வருசம் ஒரு பாயில் படுத்தவளிடம் என்ன வெட்கம்? எனக்குப் பாரம் குறைக்கிறேன் என்று மரத்துக்கு ஊற்றினீர்கள். மரம் பூத்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

அடுத்த நாள் உங்கள் வயர்க் கதிரையை வெளியே எடுத்தேன். நீங்கள் போன பிறகு அதில் ஒருவரையும் இருக்க விடவில்லை. உங்கள் பாரத்துக்குப் பள்ளம் விழுந்தபடியே இருந்தது. ஞாபகம் இருக்கிறதோ, நடுவில் வெட்டிக் கீழே வாளி வைத்தால் உங்களுக்குக் கட்டிலடியிலேயே போக வசதி என்று மகள் சொல்ல, “நான் செத்த பிறகு வெட்டுங்கோ” என்று சத்தம் போட்டீர்கள். சரி. குசினிக் கத்தியால் நடு வயர்களை ஒவ்வொன்றாய் அறுத்து, ஓரத்தை முடிந்து கட்டினேன். அப்போதும் அழுகை வரவில்லை.

கதிரையையும் மூடி போட்ட ஒரு வாளியையும் கொண்டுபோய் முத்தம்மாக்காவின் அறை மூலையில் வைத்துத் தகரம் ஒன்றால் மறைத்தேன். அவ திகைத்துப்போனா.

“ஐயா ஒக்காந்த நாற்காலிங்கம்மா இது. ஐயா இருக்கையில இது கிட்டக்கூட நான் ஒக்காந்ததில்ல. இதுல போயி நான்...”

“அவர் இருந்து பெருமை பாத்தது காணும், போதும். இனி ஆருக்கும் உதவட்டும்.”

“வாளிய யாரு அள்ளுறது?”

“நான்தான்.”

“ஐயோ, வேணாங்கம்மா. நீங்க போயி என்னோடத அள்ளுறதா? எனக்குப் பாவம் வந்து சேரும்.”

“அவருக்கு அள்ளின கை இது. இப்ப சும்மா கிடக்குது. சும்மா கிடக்கிறதைத்தான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு, முத்தம்மாக்கா.”

அவ கதிரைக்கு மேலே சேலை ஒன்றை மடித்துப் போட்டு வைத்தா, சாமிப்படத்துக்குப் போடுகிற மாதிரி. நான் காலையில் போவேன், வாளியைத் தூக்கிப் பார்ப்பேன், காற்றுப்போல் இருக்கும். பின்படிக்குக் கீழே ஈரம் இருக்கும். கீரை இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பிடுங்கி எறியத்தான் மனம் வந்தது, பேசாமல் திரும்பி வந்தேன். பேசிப் பேசி ஒருவருக்குத் தண்ணீர் பருக்க முடியுமோ? உங்களிடம் எவ்வளவு பேசினேன்.

போன கிழமை ஒரு விடியற்காலை போனேன். சேலையைக் கதிரையில் காணவில்லை, கொடியில் கிடந்தது. முத்தம்மாக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. நித்திரை இல்லை, எனக்குத் தெரியும். வாளியைப் பிடித்துத் தூக்கினேன்.

பாரமாக இருந்தது.

வளவுக் கோடி வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பாதிவழியில் எனக்குக் கண் தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. உங்கள் செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கவில்லை என்று உங்கள் சொந்தக்காரர் இன்றைக்கும் கதைக்கிறார்கள். மூத்திர வாளிக்கு முன்னால் நின்று அழுதேன் என்றால் என்ன சொல்வார்களோ? சிரியுங்கோ, பரவாயில்லை.

திரும்பி வந்து வாளியைக் கழுவி வைத்தேன். அவ சுவரைப் பார்த்தபடியே, “அம்மா, செம்புல இன்னுங் கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?” என்று கேட்டா.

இந்தக் கடிதத்தைப் பேப்பருக்கும் அனுப்பப்போகிறேன்; வீட்டு விசயத்தை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எங்களூரில் எத்தனை யன்னலுக்குக் கீழே இப்படி ஒரு மரம் செழித்து நிற்கிறதோ, எனக்குத் தெரியாது. வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் ஒருக்காப் போய் நிலத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். செம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

செவ்வரத்தைக்கு இப்போது நான் ஊற்றுகிறேன், கிணற்றில் இருந்து. ஒரு துளிர் வந்திருக்கிறது. பிழைக்குமோ தெரியாது.

என் முழங்காலும் ஒருநாள் ஓயும். அன்றைக்கு என்னை ஆர் பார்ப்பார்கள், மகளோ, முகம் தெரியாத ஒருத்தியோ, இப்போது சொல்ல ஏலாது. ஆனால் உங்களுக்கு ஒரு சத்தியம் தருகிறேன். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்தால் நான் குடிப்பேன். முழுவதும் குடிப்பேன். வாளியை அவர்கள் தூக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்கு இன்னும் எத்தனை வருசம் என்றாலும் அள்ளியிருப்பேன் என்கிற
உங்கட மனுசி