ஆறு சுற்று

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் தெருவின் தண்ணீரைக் கவுன்சிலரின் மச்சான் திருடுகிறான். காலையில் குழாயில் நூல் மாதிரி வருகிறது, அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மச்சானின் தண்ணீர் லாரி தெருமுனையில் வந்து நிற்கிறது. எங்களுக்கு விடாத தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் மிஞ்சும். அந்தத் தொட்டிக்குக் கீழேதான் லாரி நிரம்புகிறது. எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் உள்ளதும் போய்விடும் என்று பயம்.

நானும் அண்ணியும் லாட்ஜுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறோம். அண்ணன் வெளியூர் வேலையில். தினமும் எண்பது படுக்கை விரிப்பு, நூற்றிருபது தலையணை உறை. லாரித் தண்ணீர் வாங்கித் துவைத்தால் சோப்புக்குக்கூட மிஞ்சாது. இருக்கிற தண்ணீரில் மூன்று அலசலை ஒன்றாக்கினோம். இன்று லாட்ஜ் மேனேஜர் ஒரு விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சோப்புக் கறை மஞ்சளாகத் தெரிந்தது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேம்மா. அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

மார்ச் 5

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கீழே வால்வுக் குழி தெரியும். காலை ஆறரை மணிக்கு வழக்கம்போல, தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் சாவிக்காரர் வந்தார். அந்தப் பெரிய இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கிச் சுற்றினார். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. நாள் முழுக்க விரிப்பை எண்ணி எண்ணி, எது நடந்தாலும் வாய் தானாக எண்ணுகிறது. ஆறு.

அண்ணியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டாள்.

"ஆறா? போன வருஷம் பத்தொம்பதுடி. நான் எண்ணியிருக்கேன். மனுஷன் முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குவாரு."

அவளுக்கும் அதே வியாதி. நல்லவேளை!

மார்ச் 6

மனு எழுதிவிட்டேன். 'வால்வு திறக்கும் ஊழியர் பத்தொன்பது சுற்று திறக்க வேண்டிய இடத்தில் ஆறு சுற்றே திறக்கிறார். நடவடிக்கை எடுக்கவும்.' பதினான்கு வீட்டில் கையெழுத்து. எதிர்வீட்டுத் தையல்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இவ்ளோ சூடா எழுதியிருக்க, இதை வச்சே துணி தேய்க்கலாம் போலிருக்கே" என்றார். ஆனால் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

மார்ச் 12

ஆறே நாளில் பதில்! குடிநீர் அலுவலகம் இதுவரை யாருக்கு ஆறு நாளில் பதில் போட்டிருக்கிறது? 'சம்பந்தப்பட்ட ஊழியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது.'

தெருவே வந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்தது. தையல்காரர் எனக்குக் கும்பிடு போட்டார். அண்ணி பெரிய அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், நாளைக்கு.

மார்ச் 13

புது ஆள் வந்தான். ஆறு சுற்றினான். போய்விட்டான்.

மார்ச் 14

முட்டாள். நான் ஒரு முட்டாள்.

கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் பட்ட ஒரே ஆளைக் காட்டிக்கொடுத்தேன். அவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? புகாரும் தீர்ந்தது, தண்ணீரும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. மனுவில் லாரி என்ற வார்த்தையே இல்லை. ஏன் எழுதவில்லை? லாரியையும் நான் மாடியிலிருந்து தினம் பார்க்கிறேனே. எல்லோரையும் பயந்தாங்கொள்ளி என்கிறேன். நான் மட்டும் யாரு?

மார்ச் 15, ஞாயிறு

சாவிக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் திரை. அவர் மனைவி சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் ஊசி நின்றது.

"நீதானா அந்த மவராசி? ஆறு சுத்துன கை தெரிஞ்சுதுல்ல உனக்கு? சுத்தச் சொன்ன வாய் தெரியலையா?"

மன்னிப்புக் கேட்டேன். "அதை வச்சு வாடகை குடுக்கவா?" என்றாள்.

சாவிக்காரர்தான் அவளை அடக்கினார். "தினம் காலையில ஆபீஸ்லேருந்து போன் வரும்மா. ஆறோட நிறுத்துன்னு சொல்வாங்க. ஒரு நாள் முடியாதுன்னேன். மறுநாளே சாக்கடைப் பிரிவுல தள்ளுனாங்க. கால்ல விழுந்து திரும்பி வந்தேன்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா அண்ணே?"

திரையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "எழுதிட்டு நான் எங்கம்மா போறது?"

அதற்குமேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 17

ஆறு.

மார்ச் 20

இன்று இன்ஜினியரைப் பிடித்தேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"புகார் குடுத்தீங்க, ஆளைத் தூக்கியாச்சு. இன்னும் என்னம்மா?"

"தண்ணி வரல சார்."

"பிரஷர் கம்மி."

"பிரஷர் கம்மின்னு ஒரு கடுதாசி குடுங்க. லாட்ஜ்ல காட்டணும்."

"அதெல்லாம் எழுத்துல குடுக்கற வழக்கமில்ல."

"லாரிக்கு மட்டும் எப்படி சார் பிரஷர் இருக்கு?"

பேனாவை மூடினார். "மரியாதையா போயிடு." இத்தனை நேரம் 'ங்க' போட்டவர். சரி, லாரி என்ற சொல் எங்கே உறைக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கையோடு எழுதிக் கொண்டுபோயிருந்த புது மனுவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை லாரியின் எண், நிரப்பும் நேரம், மச்சானின் பெயர், எல்லாம் இருக்கிறது. பதினான்கில் மூன்று வீடு கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. பதினொன்று போதும்.

மார்ச் 27

பதில் இல்லை. இந்த மனுவுக்கு ஆறு நாள் கணக்கு கிடையாது போலிருக்கிறது.

மார்ச் 31

லாட்ஜ் மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். "மனசுல வச்சுக்காதம்மா. விருந்தாளி கறையைப் பார்த்தா என் வேலை போயிடும்." கடைசி விரிப்புகளை அண்ணி மடித்துக் கொடுத்தாள். எண்பதும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணினாள். எண்ணி முடித்ததும் அடுப்படிக்குப் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதிலும் தண்ணீர் இல்லை, முகம் கழுவ.

ஏப்ரல் 1

சாயங்காலம் சாவிக்காரரும் மனைவியும் வந்தார்கள். கையில் நான்கு பக்கம், அவர் கையெழுத்தில். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, என்ன சொன்னார்கள், எல்லாம். கைபேசியில் அழைப்புகள் அப்படியே இருக்கின்றன. எல்லாம் ஒரே எண்.

"எப்படி மனசு வந்துச்சு அண்ணே?"

மனைவி பக்கம் தலையாட்டினார். "வேலை போன பிறகும் உக்காந்து பயப்படறியே, இதுக்குத் தனியா சம்பளம் தர்றாங்களான்னு கேட்டுட்டா."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அண்ணி கொடுத்த டீயைக் குடித்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

துவைக்க எதுவும் இல்லாததால் ஒன்பது மணிக்கே அலுவலகம் போக முடிந்தது. பதினொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். மறுத்த மூன்று வீட்டில் ஒன்று வழியில் சேர்ந்துகொண்டது. தையல்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். சாவிக்காரர் என் பக்கத்தில் நின்றார். காகிதத்தை அவரிடமிருந்து வாங்கி நான் இன்ஜினியர் மேசையில் வைத்தேன்.

"கும்பலா வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க சார், அவங்களும் கேக்கட்டும்" என்றாள் அண்ணி. அண்ணியா இது!

அவர் படித்தார். முதல் பக்கத்தில் அந்த எண் இருக்கிறது. அதே எண் அவர் மேசைத் தொலைபேசியில் ஒட்டியிருக்கிறது, அறையில் எல்லோரும் பார்க்கும்படி.

"இந்தப் போன்லேருந்து தினம் காலையில பேசுனது யாரு? பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்போம்" என்றேன் நான்.

அவர் நான்காவது பக்கத்தைத் திருப்பினார். பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த வெறும் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

"பேரு சார்" என்றேன்.